அரைக் கிலோ மண்ணில் ஓர் ஏக்கர்

ஓர் ஏக்கர் நிலத்தின் மேல் அரையடி மண்ணை மட்டும் வழித்தெடுத்து எடை போட முடிந்தால், அது 8 முதல் 9 லட்சம் கிலோ வரும். மண் பரிசோதனை நிலையத்துக்குப் போவது அதில் அரைக் கிலோ. அங்கேயும் அந்த அரைக் கிலோ முழுவதையும் சோதிப்பதில்லை. அங்ககக் கரிமத்தைக் கணக்கிட ஒரு கிராம் அளவுக்கு எடுப்பார்கள். மணிச்சத்துக்கும் சாம்பல் சத்துக்கும் சில கிராம்கள் போதும். அடுத்த பருவத்தில் எத்தனை மூட்டை உரம் வாங்குவது, எதை வாங்காமல் விடுவது என்பதை அந்தச் சில கிராம்கள்தான் தீர்மானிக்கின்றன. ஆய்வகத்தில் தவறு நேர்ந்தால் மீதி மண்ணை எடுத்து மறுபடியும் சோதித்துப் பார்த்துவிடலாம். வயலில் மண் எடுக்கும்போது நேர்ந்த தவறை எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது, திருத்தவும் முடியாது. மண் பரிசோதனையின் நம்பகத்தன்மையில் பெரும்பகுதி வரப்புக்கு உள்ளேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அடுப்படியில் சரியாக இருக்கும். பானைக்குள் நீரும் சூடும் எங்கும் ஒன்றுபோலப் பரவியிருக்கின்றன. வயல் அப்படி இல்லை. ஒரே வரப்புக்குள் மேடும் பள்ளமும் இருக்கும். ஆட்டுக்கிடை போட்ட மூலை இருக்கும். வாய்க்கால் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையும், அரைகுறையாகப் பாயும் கடைமடையும் இருக்கும். ஓரிடத்தில் எடுத்த மண் அந்த ஓரிடத்தைப் பற்றித்தான் சொல்லும். அதனால் பல இடங்களில் எடுத்து, ஒன்றாகக் கலந்து, கூட்டு மாதிரியாக அனுப்ப வேண்டியிருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வழிகாட்டுதல் 10 முதல் 15 இடங்கள் வரை எடுக்கச் சொல்கிறது. இதன் பின்னால் எளிய புள்ளியியல் இருக்கிறது. 16 இடங்களில் எடுத்துக் கலந்தால், ஒரே இடத்தில் எடுப்பதால் வரக்கூடிய தற்செயல் பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

கரிசலும் செவலும்

சங்கரன்கோவில் வட்டாரத்தில் இந்த வேலைக்குக் கூடுதல் கவனம் தேவைப்படுவதற்குக் காரணம் இங்குள்ள மண்ணின் கலப்பு. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதி இது. கிழக்கே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் போகப் போகக் கரிசல் காடு விரிகிறது. பருத்தி, உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம் விளையும் மானாவாரி பூமி. மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர் பக்கம் மலையை நெருங்க நெருங்கச் செம்மண்ணும் எலுமிச்சைத் தோட்டங்களும் குளத்துப் பாசன நெல் வயல்களும் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் கரிசலும் செவலும் மாறி மாறிக் கிடக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால், மானாவாரிக்காரர்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை.

இந்த இரண்டு மண்ணும் வெவ்வேறு குணம் கொண்டவை. கரிசலில் களித்தன்மை அதிகம். ஈரத்தை நெடுநாள் பிடித்து வைக்கும். சுண்ணாம்பு கலந்திருப்பதால் கார அமில நிலை பெரும்பாலும் 8-க்கு மேல் இருக்கும். சாம்பல் சத்துக்குக் கரிசலில் பொதுவாகப் பஞ்சமில்லை. ஆனால் இட்ட மணிச்சத்தில் ஒரு பகுதியைச் சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்ளும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காமல் போகும். செவல் மண்ணில் நீர் சீக்கிரம் இறங்கிவிடும், கூடவே தழைச்சத்தும் இறங்கும். அங்ககக் கரிமமும் குறைவு. ஒன்றுக்குச் சொன்ன உரக்கணக்கு மற்றொன்றுக்குப் பொருந்தாது.

மேட்டில் செவலும் தாழ்வில் கரிசலும் ஒரே புல எண்ணுக்குள் அமைவது இந்தப் பகுதியில் உண்டு. அந்த நிலத்தில் இரண்டையும் சேர்த்து ஒரே மாதிரியாக எடுத்தால், எந்த வயலிலும் இல்லாத ஒரு மண்ணின் கணக்கு ஆய்வகத்திலிருந்து வரும். மேட்டுக்கும் அது உதவாது, தாழ்வுக்கும் உதவாது. எனவே மண்வெட்டியை எடுப்பதற்கு முன் நிலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நிறம், சரிவு, சென்ற ஆண்டுப் பயிர், கிணற்றுப் பாசனமா மானாவாரியா, தொழு உரம் எங்கே போட்டது என்பவற்றை வைத்து நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் தனி மாதிரி எடுப்பதே முறை. எல்லாப் பகுதியிலும் பயிர் செழிப்பாக இருந்து ஒரு திட்டு மட்டும் மஞ்சளித்து நின்றால், அந்தத் திட்டு தனி மாதிரி. அதை மற்றவற்றோடு கலந்துவிட்டால் நோய் எதுவென்று கடைசிவரை தெரியாது.

எங்கே எடுக்கக் கூடாது

வரப்பு ஓரம், வாய்க்கால், மர நிழல், கிணற்றடி, எருக்குவியல் கிடந்த இடம், நீர் தேங்கிக் கிடக்கும் பள்ளம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று எல்லாக் கையேடுகளும் சொல்கின்றன. பல பேர் இதைச் சம்பிரதாயமான எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் கனம் புரியும். ஒரு வயலில் பத்து இடங்களில் மண் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்பது இடங்களில் கிடைக்கும் மணிச்சத்து எக்டேருக்கு 10 கிலோ. பத்தாவது இடம் பழைய எருக்குவியல். அங்கே 100 கிலோ. கலந்த மாதிரியில் ஆய்வகம் காண்பது 19 கிலோ. 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் குறைவு, 11 முதல் 22 வரை மத்திமம் என்பது தரப்பாகுபாடு. ஆக, மணிச்சத்து குறைந்த வயல் மத்திம வயலாகப் பதிவாகிறது. பரிந்துரையும் அதற்கேற்பக் குறைகிறது. ஆய்வகம் துல்லியமாகத்தான் அளந்திருக்கிறது. ஒரு மண்வெட்டி தப்பான இடத்தில் இறங்கியதற்கு அந்தப் பருவத்து விளைச்சல் விலை கொடுக்கிறது.

கறையான் புற்றும் தவிர்க்க வேண்டிய இடம்தான். சங்கரநாராயணர் கோயிலில் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் பூசிக்கொள்ளும் ஊர் இது. அடி ஆழத்துக் களிமண்ணைக் கறையான்கள் மேலே கொண்டுவந்து குழைத்துக் கட்டுவதால், புற்றுமண்ணின் நயமும் சத்தும் சுற்றியுள்ள நிலத்திலிருந்து வேறுபட்டிருக்கும். மேல்மண்ணைச் சோதிக்க எடுக்கும் மாதிரியில் அதைச் சேர்க்கக் கூடாது.

அண்மையில் உரமிட்ட வயலிலும் எடுக்கக் கூடாது; மூன்று மாத இடைவெளியாவது வேண்டும். பயிர் நிற்கும்போது அவசரமாக எடுக்க நேர்ந்தால் வரிசைகளுக்கு நடுவில் எடுக்கலாம்.

வடகிழக்குப் பருவத்தை நம்பி விதைக்கும் இந்தப் பகுதிக்கு ஏற்ற காலம், மாசி, பங்குனியில் அறுவடை முடிந்து நிலம் தரிசாகக் கிடக்கும் கோடை. அப்போது எடுத்தால் முடிவு கைக்கு வந்து உரம் வாங்கவும் நேரம் இருக்கும். ஆனால் காய்ந்த கரிசல் மண்வெட்டிக்கு மசியாது, கடப்பாரையே துள்ளும். ஒரு கோடை மழைக்குப் பிறகு, மண் கையில் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் எடுப்பது நல்லது. கோடை வெடிப்புகளையும் கவனிக்க வேண்டும். கரிசல் வெடிக்கும்போது மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழுந்து அடியில் தங்கிவிடும். வெடிப்பை ஒட்டித் தோண்டினால், ஒன்றரை அடிக்குக் கீழேயும் மேல்மண்தான் வரும். வெடிப்புகளுக்கு நடுவே உள்ள கட்டியான பாளத்தில்தான் குழி எடுக்க வேண்டும்.

'வி' வடிவக் குழி

வயலுக்குள் நேர்கோட்டில் நடந்து எடுக்காமல், வளைந்து வளைந்து குறுக்கும் நெடுக்குமாகப் போய் இடங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். உழவுச்சாலும் உரம் விழுந்த வரிசையும் நேர்கோட்டிலேயே இருப்பதால், நேராக நடந்தால் ஒரே வரிசை மண்ணே திரும்பத் திரும்பக் கிடைத்துவிடும். தேர்ந்த இடத்தில் சருகு, தட்டை, புல் ஆகியவற்றை அப்புறப்படுத்த வேண்டும். மேல்மண்ணைச் செதுக்கிவிடக் கூடாது. பிறகு ஆங்கில 'வி' எழுத்தின் வடிவத்தில் குழி வெட்டி, அந்த மண்ணை வெளியே கொட்டிவிட வேண்டும். ஆய்வுக்குப் போகும் மண் குழியிலிருந்து வந்தது அல்ல. குழியின் இரண்டு பக்கச் சுவர்களிலும் மேலிருந்து அடிவரை ஓர் அங்குலக் கனத்துக்குச் சீராகச் செதுக்கி எடுப்பதே மாதிரி.

இந்த ஒரு படியைத்தான் அதிகம் பேர் தவற விடுகிறார்கள். மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தி அள்ளினால், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் மண் வரும். மேல்மண்ணில்தான் மட்கும் மணிச்சத்தும் அதிகம். அள்ளிய கொத்தில் மேல்மண்ணின் பங்கு கூடிப்போவதால், நிலம் உண்மையில் இருப்பதைவிட வளமானதாகக் காட்டும். அங்குலக் கனத்துச் சீவலில் மேலும் கீழும் சம அளவில் வந்து சேரும். மண் துளைக்கும் ஆகர் கருவி கிடைத்தால் இந்தச் சிரமம் இல்லை. ஒரே அகலத்தில் நேராக இறங்கி எடுத்துவிடும்.

ஆழம் பயிரைப் பொறுத்தது. நெல், உளுந்து, சோளம் போன்றவற்றுக்கு 15 செ.மீ., அதாவது அரையடி. பருத்தி, கரும்பு, வாழை, காய்கறி போன்று வேர் ஆழமாகப் போகும் பயிர்களுக்கு 22.5 செ.மீ. எலுமிச்சை போன்ற மரப்பயிர்களுக்கு முறையே வேறு. 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் மூன்று மாதிரிகளை எடுத்துத் தனித்தனிப் பையில் போட வேண்டும்; ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. மேல் அடியில் நல்ல செம்மண்ணும் மூன்றாம் அடியில் சுண்ணாம்புப் படிவும் இருக்கிற நிலத்தில் கன்று முதல் சில ஆண்டுகள் நன்றாக வளர்ந்துவிட்டு, வேர் அந்தப் படிவைத் தொட்டதும் இலை வெளுத்து நிற்கும். புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கன்று வாங்குவதற்கு முன்பே மூன்றடிக்கும் மண் எடுத்துப் பார்ப்பது, பத்து ஆண்டு உழைப்பைக் காக்கும் வேலை. உப்புப் பூக்கும் உவர் நிலத்திலும் களர் நிலத்திலும் அடுக்கடுக்காக ஆழம் பிரித்து எடுப்பதோடு, பாசனக் கிணற்றின் தண்ணீரையும் சோதிக்கக் கொடுக்க வேண்டும். பல தோட்டங்களில் உப்பு வருவது தண்ணீரிலிருந்துதான்.

துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு போன்ற நுண்ணூட்டங்களை அறிய வேண்டுமானால் கருவியிலும் கவனம் வேண்டும். இந்தச் சத்துகளை மண்ணில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கிறார்கள். துருப்பிடித்த மண்வெட்டியும் நாக முலாம் பூசிய வாளியும் அந்த அளவை எளிதில் ஏற்றிவிடும். குழி வெட்டுவதற்கு எந்த மண்வெட்டியும் ஆகும். பக்கச் சுவரைச் செதுக்குவதற்கு மரக்குச்சியோ மூங்கில் பத்தையோ பிளாஸ்டிக் கரண்டியோ பயன்படுத்தி, பிளாஸ்டிக் வாளியில் சேகரிக்க வேண்டும்.

கலப்பது, காயவைப்பது, கட்டுவது

பத்துப் பதினைந்து இடத்து மண்ணையும் சுத்தமான விரிப்பில் கொட்டி, கட்டியை உடைத்து, வேரையும் கல்லையும் பொறுக்கிவிட்டு நன்றாகக் கலக்க வேண்டும். கரிசலில் கிடைக்கும் சுக்கான் கல்லை உடைத்துத் தூளாக்கிச் சேர்த்துவிடக் கூடாது. மண்ணின் சுண்ணாம்பு அளவு பொய்யாகக் கூடிவிடும். கலந்த மண்ணை வட்டமாகப் பரப்பி, விரலால் குறுக்கே இரண்டு கோடு இழுத்து நான்கு பாகமாக்கி, எதிரெதிர் பாகங்கள் இரண்டைத் தள்ளிவிட வேண்டும். மீதியை மறுபடி கலந்து, மறுபடி நான்காக்கி, அரைக் கிலோ வரும்வரை இப்படியே குறைக்க வேண்டும். மேலாக ஒரு கை அள்ளிப் போடுவது இதற்கு ஈடாகாது. பருமணல் ஒரு பக்கமும் பொடிமண் ஒரு பக்கமும் ஒதுங்கும் இயல்பு மண்ணுக்கு உண்டு.

ஈரமாக இருந்தால் நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் சாம்பல் சத்து, மாங்கனீசு போன்றவற்றின் கிடைக்கும் அளவு மாறக்கூடும். ஈரத்தோடு பாலித்தீன் பையில் கட்டினால் உள்ளேயுள்ள நுண்ணுயிர்கள் தழைச்சத்தின் வடிவத்தை மாற்றிவிடும். வீட்டில் கையெட்டும் தூரத்தில் எப்போதும் கிடப்பது காலி உரச்சாக்கு. அதில் உலர்த்தவோ, அதில் கட்டி எடுத்துப்போகவோ கூடாது. சாக்கின் தையலில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் டிஏபி தூளே, மணிச்சத்து இல்லாத மண்ணை மணிச்சத்து நிறைந்ததாகக் காட்டப் போதும். புதுத் துணிப்பை நல்லது.

பையோடு போகும் சீட்டில் உழவர் பெயர், ஊர், புல எண், உட்பிரிவு, மாதிரி எடுத்த தேதி, ஆழம், பாசனமா மானாவாரியா, முன்பு விளைந்த பயிர், அடுத்துப் போடப்போகும் பயிர் ஆகியவை இருக்க வேண்டும். கடைசி விவரம் இல்லாவிட்டால் ஆய்வகத்தால் சத்தின் அளவைச் சொல்ல முடியுமே தவிர, உரம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. பென்சிலில் எழுதினால் ஈரத்தில் அழியாது. ஒரு சீட்டைப் பைக்குள்ளும் ஒன்றைப் பைக்கு வெளியிலும் வைப்பது பாதுகாப்பு. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கொடுத்தால் அவர்கள் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஆய்வகத்தில்

மண் அங்கே 2 மி.மீ. சல்லடையில் சலிக்கப்படுகிறது. தண்ணீரில் கலக்கி, கார அமில நிலையும் மின்கடத்தும் திறனும் பார்க்கப்படுகின்றன. ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு உண்டு என்று பொருள். கரிசல் மாதிரிகள் பெரும்பாலும் பொங்கும். அங்ககக் கரிமத்துக்கு வாக்லியும் பிளாக்கும் 1934-இல் வகுத்த முறையும், சுண்ணாம்பு மண்ணின் மணிச்சத்துக்கு ஓல்சன் 1954-இல் வகுத்த சோடியம் பைகார்பனேட் முறையும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. தழைச்சத்துக்கான காரப் பெர்மாங்கனேட் முறை இந்தியாவிலேயே பிறந்தது. சுப்பையாவும் அசிஜாவும் 1956-இல் வெளியிட்டது. நுண்ணூட்டங்களை டிடிபிஏ என்ற கரைசலில் பிரித்தெடுத்து அளக்கிறார்கள்.

இந்தியாவில் மண் பரிசோதனை ஓர் அரசுப் பணியாகத் தொடங்கியது 1955–56-இல், அமெரிக்க ஒத்துழைப்போடு 16 ஆய்வகங்கள் அமைந்தபோது. ஆனால் சத்தின் அளவு தெரிந்தால் மட்டும் போதாது. அந்த அளவுக்கு எவ்வளவு உரம் போட்டால் எவ்வளவு விளையும் என்ற கணக்கும் வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பியவர் பி. ராமமூர்த்தி. அவரும் அவரது குழுவினரும் 1967-இல் வெளியிட்ட 'மகசூல் இலக்கு' முறை, மண்ணிலிருந்து பயிர் எடுப்பது எவ்வளவு, உரத்திலிருந்து எடுப்பது எவ்வளவு என்று பிரித்துச் சமன்பாடாக்கியது. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கி இன்றுவரை நடக்கும் நிரந்தர உரப் பரிசோதனை வயலும், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும், தமிழக மண்ணைப் பற்றிய அறிவு எத்தனை தலைமுறை உழைப்பில் சேர்ந்தது என்பதற்குச் சான்றுகள். கரிசல் மானாவாரிக்கான பரிந்துரைகள் பலவும் கோவில்பட்டி வயல்களில் சோதித்துப் பார்க்கப்பட்டவை.

அட்டையும் கட்டமும்

2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கப்பட்ட மண் வள அட்டைத் திட்டம், இந்தப் பரிசோதனையை நாடு முழுவதும் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. கார அமில நிலை, உப்பின் நிலை, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல், கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள் என 12 விவரங்கள் அதில் உள்ளன. ஆனால் திட்டத்தின் மாதிரி முறை கட்டம் கட்டமாக அமைந்தது. பாசன நிலத்தில் இரண்டரை எக்டேருக்கு ஒரு மாதிரி. மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒரு மாதிரி. தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு, 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி, 0.75 எக்டேர். அப்படியானால் மானாவாரியில் ஒரு கட்டத்துக்குள் பதின்மூன்று பண்ணைகள் வரை அடங்கும். பதின்மூன்று அட்டைகளிலும் ஒரே எண்கள் அச்சாகும். குருவிகுளம் பக்கம் ஒரு 25 ஏக்கருக்குள் கரிசலும் செவலும் இருந்தால், அந்த எண் யாருடைய நிலத்துக்கும் உரியதாக இருக்காது.

இதைக் குறையென்று தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்துக்குத் துத்தநாக சல்பேட் எவ்வளவு தேவை, ஜிப்சம் எங்கே வேண்டும் என்று அரசு திட்டமிட இந்தக் கட்ட வரைபடம் போதுமானது. தன் இரண்டு ஏக்கருக்கு உரக்கணக்குப் போடுகிற உழவருக்கு அது போதாது. அவர் தன் வயலில் தானே மாதிரி எடுத்துக் கொடுக்க வேண்டும். பரிசோதனை நிலையங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன, கட்டணமும் சிறிது. வேளாண்மைத் துறை இதைத்தான் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

முடிவு கைக்கு வந்ததும் அதன் பயன் நேரடியானது. பாசன உளுந்துக்கு எக்டேருக்குத் தழை 25, மணி 50, சாம்பல் 25 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. கரிசலில் சாம்பல் சத்து மிகுதி என்று பரிசோதனை சொன்னால் பொட்டாஷ் செலவைக் குறைக்கலாம். துத்தநாகம் குறைவென்றால் எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் அடியுரமாக வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புக் குறை தெரிந்தால், மண்ணில் போடுவதைவிட இரும்பு சல்பேட்டை இலைமேல் தெளிப்பது பலன் தரும்.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறு மாதிரி எடுக்கலாம். அதே மாதத்தில், அதே ஆழத்தில், முதலில் பிரித்த அதே பகுதிகளில் எடுத்தால்தான் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். கோடையில் எடுத்த மண்ணையும் மழைக்காலத்தில் எடுத்த மண்ணையும் ஒப்பிட்டால் பருவத்தின் வேறுபாடு வளத்தின் வேறுபாடாகத் தோன்றும். நிலத்தின் ஒரு சிறு படம் வரைந்து, எந்தப் பகுதிக்கு எந்த மாதிரி என்று குறித்து, பழைய அட்டையோடு சேர்த்து வைத்திருந்தால் அடுத்த முறை மண் எடுப்பவர் வேறு ஆளாக இருந்தாலும் கணக்குத் தொடரும்.